பள்ளமாய்ப் போன தீவு

முதலில் என் எழுத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போவது நின்றுபோனது. அதன் பிறகு நான் எழுதியதெல்லாம் படகின் பக்கத்தில் சோக்கட்டியால் எழுதிய அளவுகள்தான். அதனால் எண்கள் அழகாக வரும், எழுத்துகள் வராது. இரண்டு சுழி ன எங்கே வரும், மூன்று சுழி ண எங்கே வரும் என்பது எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. இதை ரைப் செய்கிற பிள்ளை பொறுமையாகத் திருத்திக்கொள்ள வேண்டும்.

குருநகரில் பைபர் படகு செய்கிற யாட் ஒன்றில் இருபத்தாறு வருடமாக வேலை செய்கிறேன். கம்பஸில் பௌதிகவியல் படிக்கிற பிள்ளைகள் ஒரு மலர் போடுகிறார்கள். அவர்களுடைய மண்டபத்தில் இருக்கிற மொடலை எப்படிச் செய்தேன் என்று அதற்கு எழுதித் தரும்படி அங்கே படிப்பிக்கிற சுகன்யா மிஸ் கேட்டார். மூன்று தடவை "ஓம் மிஸ்" என்று சொல்லிவிட்டு எழுதாமல் இருந்தேன். நான்காம் தடவை கொப்பியும் பேனையும் வாங்கிக்கொண்டு யாட்டுக்கே வந்துவிட்டார். இனித் தப்ப வழியில்லை.

1. ஒருவரும் போகாத தீவு

மிஸ் முதல் தரம் யாட்டுக்கு வந்த அன்று நான் பதினெட்டு அடிப் படகு ஒன்றுக்குள் ரோலர் போட்டுக்கொண்டிருந்தேன். ரெசின் என்கிற பிசினை ஊற்றி ரோலர் போடத் தொடங்கினால் இடையில் விடமுடியாது, இறுகிவிடும். புது ஆட்கள் வரும்போது எனக்கு அது பெரிய வசதி. நிமிர்ந்து பார்க்காமல் இருக்க ஒரு காரணம் கிடைக்கும். கதைக்கிற வேலையை முதலாளி பெனடிக்ற் அண்ணை பார்த்துக்கொள்வார். அவர் ஒரு நாள் கதைக்கிறதை நான் ஒரு வருடத்துக்கு வைத்துக் கதைப்பேன்.

அன்றைக்கு என்னைத் தப்ப விடவில்லை. கூப்பிட்டார்.

"இஞ்சை வா தம்பி. மிஸ்ஸுக்குத் தீவொண்டு வேணுமாம். நெடுந்தீவோ நயினாதீவோ எண்டு கேட்டன். ரெண்டும் இல்லையாம்."

"ஒருத்தரும் இன்னும் போய்ச் சேராத தீவு அண்ணை," என்றார் மிஸ்.

"போகாத இடத்துக்கு மப் எப்பிடி மிஸ் வந்தது?"

"கணக்குப் பாத்துக் கீறினது."

"அப்ப அங்கை போக நேவியட்டைப் பாஸ் எடுக்கத் தேவையில்லை," என்றார் பெனடிக்ற் அண்ணை.

மிஸ் சிரித்துக்கொண்டே கையில் சுருட்டி வைத்திருந்த பெரிய வரைபடக் கடதாசியை விரித்தார். இடப்பக்கம் கீழ் மூலையில் தொடங்கி வலப்பக்கம் மேல்நோக்கி ஒடுங்கிய நிலம் ஒன்று எங்கள் குடாநாடு போல நீண்டு கிடந்தது. அது முடிந்த இடத்துக்கு அப்பால் கொஞ்சம் கடல். பிறகு ஒரு சின்னத் திட்டு. அதற்கும் அப்பால் திரும்பக் கடல். அந்தக் கடலுக்குள், கடதாசியின் வலப்பக்க விளிம்புக்குக் கிட்ட, தனியாக ஒரு தீவு.

அன்று அவர் சொன்னதில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான். எந்தப் பொருளை எடுத்தாலும் அணு. அணுவின் நடுவில் கரு. கருவுக்குள் புரோத்தன், நியூத்திரன் என்று இரண்டு வகை. புரோத்தன்கள் ஒன்றையொன்று தள்ளும். நியூத்திரன் தள்ளாது, ஒட்டிப் பிடிக்க மட்டும் உதவும். வலப்பக்கம் போகப் போக நியூத்திரன் கூடும். மேலே போகப் போகப் புரோத்தன் கூடும். கரு நெடுநாள் தாங்கும் என்றால் அந்த இடம் நிலம். உடனே உடையும் என்றால் கடல்.

எனக்கு ரெசின் ஞாபகம் வந்தது. கண்ணாடி நாரில் செய்த பாயை நாங்கள் மாட் என்போம். மாட்டை மூலையில் வைத்தால் அது நிமிர்ந்து எழும்பப் பார்க்கும். ரெசின்தான் அதை அமத்திப் பிடிக்கும். ஆனால் ரெசின் தன்னோடு முட்டிக்கொண்டிருப்பதைத்தான் பிடிக்கும், இரண்டடி தள்ளி இருப்பதைப் பிடிக்காது. கருவுக்குள்ளும் அப்படித்தானாம். ஒட்டுகிற பிடி பக்கத்தில் உள்ளவற்றோடு நின்றுவிடும். தள்ளுகிற தள்ளு முழுக் கருவுக்கும் எட்டும். கரு பெருத்துக்கொண்டு போனால் ஒரு கட்டத்தில் தள்ளு வென்றுவிடும். கரு உடையும். நான் இதை மனதுக்குள் நினைத்தேனே தவிர வாயால் சொல்லவில்லை.

மேசையில் வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டு ஒன்று கிடந்தது. மிஸ் அதை எடுத்துக் கடதாசியில் நிலம் முடிகிற இடத்தில் வைத்தார்.

"இதுதான் அண்ணை எங்கடை குடாநாட்டின்ரை முனை. ஈயத்துக்கு அங்காலை இருக்கிறதெல்லாம் எப்பவோ ஒருநாள் உடையிற சாமான்."

சின்னத் திட்டு தோரியமும் யுரேனியமும். அவையும் உடைகிறவைதான், ஆனால் மிக மிக மெதுவாக. கடைசித் தீவுதான் மிஸ்ஸின் தீவு. அங்கே புரோத்தனும் நியூத்திரனும் அடுக்கடுக்காகச் சரியாக நிரம்பி நிற்பதால், அவ்வளவு பாரமான கருவும் கொஞ்சக் காலம் தாங்கும் என்று கணக்குச் சொல்கிறதாம். நியூத்திரன் நூற்றி எண்பத்து நான்கு வேண்டும். புரோத்தன் நூற்றிப் பதினான்கு என்று சிலர், நூற்றி இருபது என்று சிலர். இரண்டு சின்னக் கருக்களை மோதி ஒட்டவைத்து, நூற்றிப் பதினெட்டுப் புரோத்தன் வரை செய்துவிட்டார்கள். ஆனால் சின்னக் கருக்களில் நியூத்திரன் காணாது. ஒட்டி வருகிற பெரிய கருவில் எப்படியும் ஏழெட்டு நியூத்திரன் குறைந்துவிடுகிறது. அதனால் அவை சில செக்கனிலோ, ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள்ளேயோ உடைந்துவிடுகின்றன.

"தீவின்ரை கரையிலை கால் படுது. ஏற முதல் உடைஞ்சு போகுது," என்றார்.

"உடைஞ்சு போற சாமானுக்கு எங்களட்டை உடையாத மொடல் கேக்கிறியள்," என்றார் பெனடிக்ற் அண்ணை.

அதற்குத்தான் வந்திருந்தார். வருடா வருடம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கண்காட்சி வைப்பார்கள். போன வருடம் மிஸ் ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பலகையில் இந்த மப்பைச் செய்து, பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும் என்று வைத்தாராம். முதல் நாள் மத்தியானத்துக்குள் தீவு காணாமல் போய்விட்டது. பின்னேரம் குடாநாட்டையும் கிள்ளி முடித்துவிட்டார்கள். மண்டபத்தில் வெள்ளைத் தூள் பறந்ததாம். துறைத்தலைவர், ஹெட் சேர் என்று எல்லோரும் சொல்கிறவர், இந்த முறை ஒரு சந்தர்ப்பம் தருகிறேன், அதுவும் பிழையாகப் போனால் அந்த மேசையில் நட்சத்திரம் பார்க்கிற தொலைகாட்டியை நிரந்தரமாக வைத்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார். மிஸ் தன் படிப்பு முழுவதையும் இந்தப் பாரமான மூலகங்களில் படித்தவர். பிள்ளைகளுக்கு அதைக் காட்ட அவருக்கு இருந்தது அந்த ஒரு மேசைதான்.

கண்காட்சிக்கு இரண்டு கிழமை இருந்தது. வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திறப்பு.

2. கேட்காமல் விட்டது

படகு எப்படிச் செய்கிறோம் என்று கொஞ்சம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நான் விட்ட பிழை விளங்காது.

மோல்ட் என்பது படகின் வடிவத்தில் உள்ள பெரிய தொட்டி. அதற்குள் ஒட்டாமல் இருக்க வக்ஸ் பூசுவோம். பிறகு ஜெல்கோட் என்கிற நிறப்பூச்சை அடிப்போம். அதற்கு மேல் மாட் வைத்து ரெசின் ஊற்றி ரோலர் போடுவோம். இறுகிய பின் கழற்றினால், மோல்டைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம் கண்ணாடி போல் வரும். அதுதான் படகின் வெளிப்பக்கம். நாங்கள் ரோலர் போட்ட பக்கம் சொரசொரப்பாக இருக்கும். அது உட்பக்கம்.

மிஸ்ஸின் மப்பையும் இப்படித்தான் செய்ய நினைத்தேன். எட்டடிக்கு ஐந்தடியில் ஒரு பலகைப் பெட்டி அடித்து, பிளாஸ்ரர் நிரப்பி, மேடு வரவேண்டிய இடத்தையெல்லாம் பள்ளமாகத் தோண்டினேன். பள்ளத்துக்குள் வார்த்தால் வெளியே மேடாக வரும் அல்லவா. பிளாஸ்ரர் மேல் மிஸ்ஸின் கடதாசியை விரித்து, ஆணியால் குத்திக் குத்திக் குறி வைத்தேன். ஒவ்வொரு இடத்துக்கும் எத்தனை மில்லிமீற்றர் என்று அவர் எழுதித் தந்திருந்தார். ஈயத்துக்கு எண்பது. யுரேனியத்துக்கு ஐம்பது. தீவுக்கு மட்டும் எண் இல்லை. அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி இருந்தது.

இருபத்தாறு வருடத்தில் எனக்கு ஒருவரும் கேள்விக்குறி போட்டு அளவு தந்ததில்லை. கேட்டிருக்கலாம். ரெலிபோன் நம்பர் இருந்தது. படித்த ஆளிடம் என்னவென்று கேட்பது என்று வெட்கம். தீவு தீவு மாதிரித் தெரியட்டும் என்று நானாக எழுபது தோண்டினேன்.

கடதாசியை விரிக்கும்போது இன்னொரு சந்தேகமும் வந்தது. இதைக் கவிழ்த்து விரிக்க வேண்டுமோ என்று ஒரு கணம் கை நின்றது. பிறகு நிமிர்த்தியே விரித்தேன். கவிழ்த்து விரித்தால் எழுத்துத் தெரியாது. அதோடு, படகு வேலைக்காரனுக்கு இடம் வலம் பார்க்கிற பழக்கமே இல்லை. படகுக்கு இரண்டு பக்கமும் ஒன்று. மோல்டில் இடப்பக்கமாக இருந்தது கழற்றித் திருப்பியதும் வலப்பக்கமாகப் போனால் யாருக்கு என்ன? மீனுக்கும் தெரியாது, நேவிக்கும் தெரியாது. நூற்றுக்கணக்கான படகு கழற்றியிருக்கிறேன். ஒரு தடவை கூட அந்தக் கேள்வி வந்ததில்லை.

3. திங்கட்கிழமை

வியாழக்கிழமைக்கு முந்தின திங்கள் காலையில் மொடலைக் கழற்றினோம். சுற்றிவர ஆப்பு வைத்துத் தட்டினோம். "டக்" என்று விட்டது. நான்கு பேர் பிடித்துத் திருப்பி மரக்குதிரை மேல் வைத்தோம். நீலக் கடல், மணல் நிறத்தில் நிலம், ஒரு காற்றுக் குமிழ் கூட இல்லை. பெனடிக்ற் அண்ணை போனில் நாலைந்து படம் எடுத்து மச்சானுக்கு அனுப்பினார். நான் கடதாசியை எடுத்துப் பக்கத்தில் பிடித்தேன்.

கடதாசியில் தீவு வலப்பக்கம். மொடலில் தீவு இடப்பக்கம். குடாநாடு வலது மூலையில் தொடங்கி இடப்பக்கமாக ஏறியது. முகம் பார்க்கிற கண்ணாடிக்குள் தெரிவது போல எல்லாமே மாறிக் கிடந்தது.

பெனடிக்ற் அண்ணைக்குக் காட்டினேன். அவர் கடதாசியையும் மொடலையும் இரண்டு மூன்று தரம் மாறிமாறிப் பார்த்தார்.

"இதுக்கு ஏனடா முகம் இப்பிடிப் போகுது? நம்பரை மற்றப்பக்கத்தாலை எழுதிவிடு. இடத்தாலை எண்ணுறதை வலத்தாலை எண்ணினால் கணக்கு மாறுமே?"

அவர் சொன்னதில் பிழையில்லை. கணக்கு மாறாதுதான். ஆனால் மண்டபச் சுவரில் இதே மப் பெரிதாக அச்சடித்துத் தொங்குகிறது என்று மிஸ் சொல்லியிருந்தார். பிள்ளைகள் மேலே ஒரு பக்கத்தில் தீவைப் பார்ப்பார்கள், மேசையில் மற்றப் பக்கத்தில் பார்ப்பார்கள். புதிதாகப் படிக்கிற பிள்ளைக்கு அது போதும், எல்லாவற்றையும் குழப்பிக்கொள்ள. அந்தக் குழப்பத்துக்கு மிஸ் பதில் சொல்லிக்கொண்டு நிற்பார், நான் யாட்டில் ஒளித்துக்கொண்டு நிற்பேன்.

போனில் சொல்ல வாய் வராது. சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே கம்பஸ் இருக்கிற திருநெல்வேலிக்கு மிதித்தேன். பலாலி வீதியில் பஸ்காரன் ஹோண் அடிக்க அடிக்க, முதல் வசனத்தை எப்படித் தொடங்குவது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

துறைக்குள் போனால் முதலில் முன்னால் வந்தவர் ஹெட் சேர்.

"நீர் குருநகர் ஆளெல்லே. மொடல் முடிஞ்சுதோ?"

"ஓம் சேர்."

"நல்லாய் வந்திருக்கோ?"

"ஓம் சேர்."

அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். நான் சொன்ன இரண்டும் பொய் இல்லை, ஆனால் இரண்டும் உண்மையும் இல்லை. அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்று கால் ஒருமுறை வாசல் பக்கம் திரும்பியது. அதற்குள் மிஸ் வகுப்பு முடிந்து வந்துவிட்டார்.

"மிஸ், என்னாலை ஒரு பிழை நடந்திட்டுது. தீவு மற்றப்பக்கம் வந்திட்டுது."

அவருக்கு விளங்கவில்லை. என் இடது கையையும் வலது கையையும் நீட்டிக் காட்டினேன். உடனே விளங்கிவிட்டது.

"திருப்பி வார்க்கேலாதோ அண்ணை?"

"பிளாஸ்ரர் காயிறதுக்கே மூண்டு நாள் வேணும் மிஸ்."

மிஸ் படியில் இருந்துவிட்டார். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஏசவில்லை. தொலைகாட்டியை எடுத்துத் துடைத்து வைக்கும்படி ஹெட் சேர் காலையிலேயே சொல்லிவிட்டார் என்று மட்டும் சொன்னார். பிறகு, எதற்கும் வந்து பார்க்கிறேன் என்று எழும்பினார். அவர் ஸ்கூட்டியில் முன்னால் போக, நான் சைக்கிளில் பின்னால் போனேன்.

4. உட்பக்கம்

நான் போய்ச் சேரும்போது மிஸ் ஏற்கனவே மொடலுக்குப் பக்கத்தில் நின்றார். நான் இல்லாத நேரத்தில் எங்கள் ஆட்கள் மொடலைக் கவிழ்த்துப் போட்டு, ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த மாட்டை வெட்டத் தொடங்கியிருந்தார்கள். சொரசொரப்பான உட்பக்கம் மேலே பார்த்துக்கொண்டு கிடந்தது. குடாநாடு இருந்த இடத்தில் நீளமாக ஒரு பள்ளம். தீவு இருந்த இடத்தில் ஒரு குழி.

மிஸ்ஸின் கையில் கடதாசி இருந்தது. அவர் அதை மொடலுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். தீவு, அதாவது குழி, வலப்பக்கம் இருந்தது. கடதாசியில் உள்ள அதே இடம். குடாநாடும் இடது மூலையில் தொடங்கி வலப்பக்கம் ஏறியது. யோசித்துப் பார்த்தால் அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. நான் ரோலர் போட்ட பக்கம் நான் குறி வைத்தபடியேதான் இருக்கும். இருபத்தாறு வருடமாக அந்தப் பக்கத்துக்குள் குனிந்து நிற்கிறேன், ஆனால் அதை ஒரு நாளும் சாமானாக நினைத்ததில்லை. அதன் மேல் பலகை போட்டு இயந்திரத்தை வைப்போம், அவ்வளவுதான்.

யாராவது கதைப்பார்கள் என்று பார்த்தேன். பெனடிக்ற் அண்ணையும் வாயைத் திறக்காதது அன்றைக்குத்தான்.

"மிஸ், இதை இப்பிடியே வைச்சால் இடம் வலம் சரி," என்றேன். "ஆனால் மேடெல்லாம் பள்ளம். பள்ளமாய் வைச்சால் பிழையோ?"

மிஸ் என்னைப் பார்த்தார். பிறகு மொடலைப் பார்த்தார். "உங்களட்டைப் போளை ஒண்டு இருக்கோ அண்ணை?" என்று கேட்டார்.

யாட்டில் இல்லாத சாமானா. பழைய பெயாரிங்கை உடைத்து, உள்ளே இருந்த குண்டு ஒன்றை இரும்புப் போளையாக எடுத்துக் கொடுத்தேன். மிஸ் அதைக் கடல் பக்கத்தில் வைத்து விட்டார். அது உருண்டு, மாட்டின் சொரசொரப்பில் தத்தித் தத்திப் போய், பள்ளத்துக்குள் விழுந்து, ஈயம் இருக்கிற ஆழத்தில் போய் நின்றது.

"பிழையில்லை அண்ணை. இதுதான் சரி," என்றார். "தீவு, கடல் எண்டு நாங்கள் கீறுறது சனத்துக்கு விளங்கட்டும் எண்டுதான். கணக்கிலை அது பள்ளம். கீழை போய் இருக்கிற சாமான்தான் அசையாமல் இருக்கும். மேட்டிலை வைச்சது நிக்காது."

பிறகு அவர் சொன்னார், புத்தகங்களிலும் இரண்டு விதமாகவும் கீறுவார்களாம், மேடாகவும் பள்ளமாகவும். பிள்ளைகளுக்கு மேடு வடிவாக இருக்கும் என்று அவர்தான் மேட்டைத் தெரிந்தெடுத்தாராம். ஆனால் மேட்டில் போளை உருட்ட முடியாது.

"அப்ப இவன் விட்டது பிழையில்லை எண்டுறியள்," என்றார் பெனடிக்ற் அண்ணை.

"இல்லை, பிழைதான். சொன்னபடியாலை தப்பினம். வியாழக்கிழமை கம்பஸிலை இறக்கிப்போட்டுச் சொல்லியிருந்தால் நான் என்ன செய்யிறது?"

5. கேள்விக்குறிக்கு எத்தனை மாட்

அதன் பிறகு இருந்தது இரண்டரை நாள். உட்பக்கத்தை வெளிப்பக்கமாக மாற்றவேண்டும். திங்கள் பின்னேரமும் செவ்வாயும் கிரைண்டர் பிடித்தேன். சொரசொரப்பை நிரவப் புட்டி வைத்துத் தேய்த்தேன். கண்ணாடி நார்த் தூள் மேலில் பட்டால் இரண்டு நாளைக்குக் கடிக்கும். கடித்தது. இதைப் படிக்கிற பிள்ளைகள் யாராவது இந்த வேலைக்கு வந்தால் முழுக்கைச் சேட் போடுங்கள், பிறகு சூடு இல்லாத தண்ணீரில் குளியுங்கள். சுடுதண்ணீர் தோலைத் திறந்து நாரை இன்னும் உள்ளே விடும்.

செவ்வாய் மத்தியானம் மிஸ் வந்து பார்த்தார். போளையைத் தீவின் குழிக்குள் போட்டார். எழுபது மில்லிமீற்றர் ஆழம். போளை அதற்குள் விழுந்து பேசாமல் இருந்துவிட்டது. எவ்வளவு தட்டினாலும் வெளியே வரவில்லை.

"இவ்வளவு ஆழமாய் இருந்தால் ஈயம் மாதிரி எல்லே அண்ணை இருக்கும்? வாற பிள்ளை, தீவிலை இருக்கிறதும் உடையாத சாமான் எண்டு நினைக்கும்."

"அப்ப எத்தினை மில்லிமீற்றர் மிஸ்?"

"தெரியாது."

"குத்துமதிப்பாய்?"

"உண்மையிலை தெரியாது அண்ணை. அந்தத் தீவிலை இருக்கிறது எவ்வளவு நேரம் தாங்கும் எண்டு ஆருக்கும் தெரியாது. சில பேர் நிமிசம் எண்டுகினம். சில பேர் நாள், வருசம் எண்டுகினம். அங்கை போய்ப் பாத்தால்தான் தெரியும்."

எனக்கு அது புதிய விஷயம். எங்கள் வேலையில் அளவு தெரியாத இடம் என்று ஒன்று இல்லை. ஆழம் கூடினால் படகு கனக்கும், குறைந்தால் ஆடும், எல்லாவற்றுக்கும் சோக்கட்டியால் எழுத ஒரு எண் இருக்கும். இவ்வளவு படித்த ஆள் ஒருவர் என் முகத்துக்கு நேரே, வெட்கப்படாமல், தெரியாது என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். நானென்றால் அந்தச் சொல்லைச் சொல்லாமல் இருக்கப் பக்கத்து ஊருக்கே போய் ஒளிப்பேன்.

நான் குழிக்குள் மாட் வைக்கத் தொடங்கினேன். ஒரு மாட் வைத்து, ரெசின் பூசி, ரோலர் போட்டு, அடுத்ததை வைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக இறுகவிட்டு வைத்தேன், ஒரே அடியில் வைத்தால் சூடாகி வெடித்துவிடும். குழி மேலே வந்தது. கடைசியில் ஒரு தேத்தண்ணிச் சோசர் அளவு குழிவு மட்டும் விட்டேன். புதன்கிழமை முழுவதற்கும் மேல்பூச்சு அடித்து, இறுகியதும் எண்களை எழுதினேன். எண் எழுதுவது எனக்கு வரும் என்று சொன்னேன்தானே.

6. வியாழக்கிழமை

காலை ஏழு மணிக்குப் பட்டா என்கிற சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு போனோம். மேசையில் வைத்து, பாரமான மூலகங்கள் இருக்கிற பக்கத்துக் கால்களுக்கு அடியில் பலகைத் துண்டு வைத்து ஒரு விரல் உயர்த்தினேன். அந்தப் பக்கம் போளையை வைத்தால் அது தானாகவே ஈயத்தை நோக்கி உருளும். போகிற வழியில் தீவுக் குழிவு வரும். மெதுவாக விட்டால் போளை அதற்குள் ஒரு சுற்றுச் சுற்றி நிற்கும். கொஞ்சம் வேகமாக விட்டால் நிற்பது போல நின்று, விளிம்பில் ஏறிப் போய்விடும்.

பிள்ளைகள் வந்தார்கள். மொடலைத் தொட்டார்கள், தட்டினார்கள், ஒருவன் மேலே ஏறியும் இருந்து பார்த்தான். பைபர் அல்லவா, அசையவில்லை. போளையை வைத்துப் பந்தயம் பிடித்தார்கள், யாருடையது தீவில் கூடுதல் நேரம் நிற்கும் என்று. கைமணிக்கூட்டைப் பார்த்து எண்ணினார்கள். மிஸ் தொண்டை அடைக்கும் வரைக்கும் சொல்லிக்கொடுத்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினொரு மணி போல ஹெட் சேர் வந்தார். பிள்ளைகள் வழி விட்டார்கள். போளையை வாங்கி உருட்டினார். தீவில் நின்றது. திரும்ப உருட்டினார். நிற்காமல் போய்விட்டது. மூன்றாம் தரம் விட, ஒரு சுற்றுச் சுற்றி, நின்று, பிறகு என்ன நினைத்ததோ, வெளியே போனது.

மிஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். குரல் வரவில்லை. ஹெட் சேர் சுற்றிப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் என் கால் தெரிந்திருக்க வேண்டும்.

"இஞ்சை வாரும். உந்தக் குழி ஏன் ஒருக்கால் பிடிக்குது, ஒருக்கால் விடுது? சரியாய்க் கடையேல்லையோ?"

எல்லாப் பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். வழக்கம் போல "ஓம் சேர்" என்று சொன்னால் அதோடு முடிந்திருக்கும். மிஸ்ஸின் மேசையும்தான் முடிந்திருக்கும்.

"கடையத் தெரியாமல் இல்லை சேர். அந்த இடத்துக்கு அளவு ஆருக்கும் தெரியாது எண்டு மிஸ் சொன்னவ. தெரியாததை ஆழமாய்ச் செய்தாலும் பொய், நிரவி விட்டாலும் பொய். அதாலை நிக்குமோ நிக்காதோ எண்டு இருக்கட்டும் எண்டு விட்டனான்."

அவ்வளவு நீளமாக நான் ஒருவரிடமும் கதைத்ததில்லை. ஹெட் சேர் குனிந்து அந்தக் குழிவை விரலால் தடவிப் பார்த்தார். விரலை மடக்கித் தட்டியும் பார்த்தார். சத்தம் மற்ற இடம் போல இல்லை, கனத்த சத்தம்.

"இந்த இடம் ஏன் இவ்வளவு தடிப்பு?"

"பதினாறு மாட் வைச்சிருக்கிறன் சேர்."

"ஏன் அவ்வளவு?"

"தீவைத் தேடுற ஆக்கள் போய்ச் சேர்ந்து அளவைச் சொல்லட்டும் சேர். நான் கிரைண்டரோடை வாறன்."

ஹெட் சேர் மிஸ்ஸைப் பார்த்துச் சிரித்தார். பிறகு போளையைப் பிள்ளைகளிடம் கொடுக்காமல் இன்னும் இரண்டு தரம் தானே உருட்டினார். போகும்போது தொலைகாட்டிக்கு வேறு இடம் பார்க்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

மிஸ்ஸின் மேசை அப்படியே இருக்கிறது. மொடலும் இருக்கிறது. குழிவின் விளிம்பு விரல்கள் பட்டுப் பட்டு மங்கிவிட்டது. அதற்கு மட்டும் ஒருமுறை போய் ஜெல்கோட் அடித்துவிட்டு வந்தேன். ஆழத்தில் கை வைக்கவில்லை.

இளம் ஆட்களுக்கு ஏதாவது புத்தி சொல்லி முடிக்க வேண்டும் என்று மிஸ் கேட்டார். எனக்குத் தெரிந்தது இரண்டு. சந்தேகம் வந்தால் கடதாசியை விரிக்க முதல் கேளுங்கள், கேட்க வெட்கமாக இருந்தால் வெட்கத்தோடேயே கேளுங்கள். அளவு தெரியாத இடத்தில் சாமானைக் கூடுதலாக விட்டு வையுங்கள். பிறகு வெட்டலாம். வெட்டிய பிறகு ஒட்டுவதுதான் கஷ்டம்.

ஞாயிறு பூசைக்குப் போய் வந்து, யாட்டில் ஒருவரும் இல்லாத நேரம், கவிழ்த்துப் போட்ட படகின் மேல் கொப்பியை வைத்து எழுதி முடித்தேன்.

17 ஆவணி 2025.